வெள்ளைக்கென்று ஒரு தாள்

வரதராஜன்பேட்டையில் ராசாங்கத்தின் கடைசல் பட்டறைக்கு இருபது வருஷப் பேர் உண்டு. கட்டில் கால், தொட்டில் கம்பு, இப்போது ஆளாளுக்குக் கேட்கும் கருங்காலி மணி என்று எல்லாம் அவர் கையில் உருண்டவைதான். பட்டறையின் இரண்டாவது மிஷினை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அறிவரசன் வந்தான். வெளுத்த நிறமுள்ள வெப்பாலை மரத்தில் பேனா கடைய ஆரம்பித்தான். அன்றைக்குப் போனது ராசாங்கத்தின் தூக்கம்.

அவரும் பேனா கடைந்தார். உருவத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் தேய்த்து மெழுகு போட்டதும் அவருடையது சாம்பல் பூத்து நிற்கும். அவனுடையது வடித்த சோறு மாதிரி பளிச்சென்று இருக்கும். பயல் எதையோ தடவுகிறான், நம்மிடம் மறைக்கிறான் என்று மனசுக்குள் பொருமினார். "உப்புத்தாள மாத்திப் பாருங்கண்ணே" என்று அவன் நாலைந்து தடவை சொன்னதுண்டு. நேற்று வந்தவன் எனக்குத் தாள் பிடிக்கச் சொல்லித்தருகிறானா என்று அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

பெரம்பலூரில் புத்தகக்கடை வைத்திருக்கும் ஹேமலதா, இருவரையும் ஆளுக்கொரு வெள்ளைப் பேனா செய்து வைக்கச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்து பார்ப்பார். தேறுகிற பேனா அவர் கடைக்குப் போகும்; ஒவ்வொரு பெட்டியிலும் செய்தவர் பெயரோடு ஓர் அட்டை இருக்கும். அந்த அட்டையில் அறிவரசன் என்று இருப்பதை நினைத்தாலே ராசாங்கத்துக்கு வயிறு எரிந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அவன் சாப்பிடப் போனான். சூட்சுமம் தாளில்தான் இருக்கிறது, எதிலோ நனைத்து வைத்திருக்கிறான் என்று முடிவுகட்டி, அவன் தாளை எடுத்துக்கொண்டார். அந்த இடத்தில் கருங்காலி மணி தேய்த்த தன் தாளைத் தட்டித் துடைத்து வைத்தார். அவசரத்தில் எதன் பின்பக்கத்தையும் பார்க்கவில்லை.

தேய்க்கத் தேய்க்க அவர் பேனா வெளுத்துக்கொண்டே வந்தது. சாப்பிட்டு வந்த அறிவரசனின் பேனாவில் கருங்காலித் தூள் ஏறி, ரேகை ரேகையாக அழுக்குப் படிந்தது. கையிலிருந்த தாளை அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இன்னொன்று கடைய நேரம் இல்லை.

ஹேமலதா வந்தார். ராசாங்கத்தின் பேனாவை எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. இவ்வளவு வெள்ளை எப்படி வந்தது என்று கேட்டார். ராசாங்கத்துக்கு என்ன தெரியும்?

அறிவரசன் எழுந்து வந்து, அவர் மிஷின் மேல் கிடந்த தாளை எடுத்துப் புரட்டினான். பின்பக்கத்தில் அவன் கையெழுத்தில் 'வெள்ளைக்கு மட்டும்' என்று இருந்தது. ராசாங்கம் அதை அப்போதுதான் பார்த்தார். அவன் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அண்ணன் வெள்ள மரத்துக்குன்னு தனித் தாள் வெச்சிருக்காருங்க. கருங்காலி தேச்சத இதுல படவுட மாட்டாரு" என்றான்.

அட்டைக்குப் பெயர் கேட்டார் ஹேமலதா.

ராசாங்கம் தன் பெயரைச் சொன்னார். சொல்லாமலும் இருந்திருக்கலாம், சொல்லிவிட்டார். அறிவரசன் தன் மிஷினுக்குத் திரும்பி, கறைபட்ட பேனாவை ஓரமாக வைத்துவிட்டு வேறு கட்டையை மாட்டினான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட இவருக்கு ஆறியிருக்கும். இந்தப் பெரிய மனசும் அவனுக்கே வாய்த்திருக்கிறதே என்று மறுபடியும் வயிறு எரிய ஆரம்பித்தது.