பாத்தியில் இன்னொரு வரிசை

சோளகக் காற்று விழுந்துவிட்டது. மாதக்கணக்காகக் கதவுகளை அடித்து, கொடியில் காயப்போட்ட துணிகளை அடுத்த வளவுக்குத் தூக்கிக்கொண்டுபோன காற்று, ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. நல்லூர்த் திருவிழாவும் முடிந்து, வெளிநாட்டிலிருந்து வந்த சனம் பெட்டி கட்டத் தொடங்கியது. மருதனார்மடத்துக்குக் கிட்ட இருந்த குணலட்சுமியின் வீட்டு விறாந்தையிலும் ஒரு பெட்டி வாயைத் திறந்தபடி கிடந்தது. அது கனடாவிலிருந்து லீவில் வந்திருந்த மகன் மயூரதனுடையது. பக்கத்தில் விலைத்துண்டு கூடக் கழற்றாத இன்னொரு பெட்டி. அது குணலட்சுமிக்காம்.

கணவர் சிவசுப்பிரமணியம் காலமானதிலிருந்து மயூரதனுக்கு ஒரே பல்லவிதான். "தனியக் கிடந்து என்ன செய்யப் போறியள் அம்மா? என்னோடை வந்து இருங்கோ." பெற்ற பிள்ளையின் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. "பாப்பம்" என்றாள். அவன் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டான். விசா வந்துவிடும், மார்கழிக்கு நீங்கள் அங்கே, வீட்டை வாடகைக்கு விடுவோம், ஸ்கூட்டியை விற்போம் என்று அவனே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினான். நல்ல பிள்ளைதான். நல்ல பிள்ளைகள் செய்கிற கரைச்சலைக் கெட்ட பிள்ளைகளால் செய்ய முடியாது.

அம்மா தனிமையில் வாடுகிறாள் என்பது அவனுடைய கணக்கு. உண்மையைச் சொன்னால், அம்மாவுக்கு வாட நேரமில்லை.

விடிந்ததும் மனதுக்குப் பிடித்த அளவு சீனி போட்டு ஒரு தேத்தண்ணி. கூடப் போடாதே என்று சொல்ல ஆளில்லை. அதைக் குடித்துக்கொண்டே வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கத்துப் பனைகளுக்குக் காது கொடுப்பாள். தொப்பென்று பழம் விழுந்தால், அடுத்த வளவு மாடு வேலிக்குள்ளால் தலையை நுழைப்பதற்குள் ஓடிப்போய்த் தூக்கிவிடவேண்டும். மாட்டோடு நடக்கும் இந்தப் போட்டியில் பெரும்பாலும் அவளே வென்றாள். வென்ற நாளில் தேத்தண்ணி இன்னும் இனித்தது.

பிறகு ஸ்கூட்டி. இடுப்பு நாரிநோவைப் பற்றி ஊர் முழுக்கக் கதைத்துத் திரிந்த மனுசி, ஐம்பது தாண்டிய பிறகு, வேலியிலும் மதிலிலும் முட்டி முட்டி ஓடப் பழகினாள். காலையில் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய்க்காரியோடு நாலு வார்த்தை சண்டை பிடிக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. சனிக்கிழமைகளில் ஆஞ்சநேயருக்கு வடைமாலை, திரும்புகிற வழியில் தனக்கு ஒரு கோன் ஐஸ்கிறீம். அதைக் கண்டவர்கள் சிரித்தால் அவளும் சேர்ந்து சிரித்தாள்.

பின்னேரங்களில் அடுத்த வீட்டுத் தனுஷாவுக்கு ஸ்கூட்டி வகுப்பு. ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் அந்தப் பிள்ளை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போவதைப் பார்க்கச் சகிக்காமல் குணலட்சுமிதான் பிடித்து இழுத்து ஏற்றினாள். தனுஷா எல்லாம் பழகிவிட்டாள், சந்தியில் வலப்பக்கம் திருப்புவதைத் தவிர. பயத்தில் இடப்பக்கம் இடப்பக்கமாகவே திருப்பி, பாதி ஊரைச் சுற்றி வீட்டுக்கு வருவாள். பின்னால் இருந்து சத்தம் போட்டுக்கொண்டு வருவது குணலட்சுமிக்கு நாளிலேயே மிகப் பிடித்த நேரம்.

இதில் ஒன்றையும் மகனுக்குச் சொன்னதில்லை. பிள்ளை அங்கே குளிருக்குள் கஷ்டப்படும்போது, நான் இங்கே சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மயூரதன் புறப்படுவதற்கு முதல்நாள் காலை, அவனோடு படித்த சுபாஸ்கரன் ஸ்கூட்டியைப் பார்க்க வந்தான். வீட்டு முன் ஒழுங்கையில் கொஞ்சத் தூரம் ஓடிப் பார்த்தான். ஹோர்னை அடித்துப் பார்த்தான். "நல்ல வண்டிதான் அன்ரி. நாளைக்கு வந்து எடுக்கிறன்" என்று சொல்லிப் போனான். வேலிக்கு மேலால் தனுஷாவின் தலை தெரிந்தது.

"மாமி, அப்ப என்ரை வலப்பக்கம்?"

குணலட்சுமி ஸ்கூட்டியின் இருக்கையில் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

மத்தியானம் சாப்பிடும்போது மயூரதன் அன்போடுதான் கேட்டான். "அம்மா, உங்களுக்கு என்னென்ன விருப்பம் எண்டு சொல்லுங்கோ. அங்கை எல்லாம் வாங்கி வைக்கிறன்."

"ஒடியல் கூழ். பிறகு... முருங்கையிலைச் சுண்டல்."

"அது எனக்கு விருப்பமானதெல்லே. உங்களுக்கு?"

அவள் சோற்றில் கையை வைத்தபடி இருந்தாள். இத்தனை வயதில் முதல் தடவையாக ஒருவர் கேட்கிறார். கேட்கிறவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலோ அவன் மனதை உடைக்கும். "பாப்பம்" என்று சொல்லி எழும்பிக் கை கழுவினாள். கிணற்றடியில் நின்றபோது தன்மேலேயே கோபம் வந்தது. இப்போதும் வாய் திறக்காவிட்டால் நாளைக்கு ஸ்கூட்டி போய்விடும், மார்கழியில் அவளும் போய்விடுவாள்.

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கோடிப்பக்கம் போனாள்.

கொத்துகிற சத்தம் கேட்டு மயூரதன் வந்து பார்த்தான். கிணற்றுத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலுக்குப் பக்கத்தில் சிவப்பு மண் நீளமாக மேடுகட்டிக் கிடந்தது. மாட்டோடு போட்டி போட்டுப் பொறுக்கிப் பிசைந்த பழங்களின் கொட்டைகள் இரண்டு கடகப்பெட்டி நிறைய இருந்தன. அம்மா குந்தியிருந்து ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உந்த வெயிலுக்கை என்னம்மா செய்யிறியள்?"

"பாத்தி போடுறன்."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. எத்தனை வருஷம் பனிக்குள் இருந்தாலும் இது மறக்கிற விஷயமில்லை. இப்போது புதைக்கிற பனங்கொட்டை மாரி மழையில் முளைவிடும். தையில் கிண்டினால் கிழங்கு. ஊரைவிட்டுப் போகிறவர்கள் கொட்டையை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார்களே தவிரப் பாத்தி போடமாட்டார்கள். சண்டைக்குள் இடம்பெயர்ந்து, இந்த வளவுக்குத் திரும்பி வந்த வருஷம், கூரைகூட இல்லாத வீட்டுக்குப் பின்னால் அப்பா முதலில் போட்டது பாத்திதான். இனி இங்கேதான் இருக்கப்போகிறோம் என்று அப்பா வாயால் சொல்லவேயில்லை. சின்னப் பிள்ளையாக இருந்த மயூரதனுக்கே விளங்கியது.

"தையிலை ஆர் கிண்டுறது?"

"நான்தான்."

சொல்லியாகிவிட்டது. இனி நிறுத்த முடியாது. "விருப்பமானதைக் கேட்டாயெல்லே. சொல்லுறன் கேள். எனக்கு ஸ்கூட்டி ஓட விருப்பம். சந்தையிலை சண்டை பிடிக்க விருப்பம். ஐஸ்கிறீம் குடிச்சுக்கொண்டு ரோட்டிலை நிக்க விருப்பம். உவள் தனுஷாவைச் சந்தியிலை வலப்பக்கம் திருப்ப வைக்கவேணும். எனக்கு இஞ்சை வேலை கிடக்கு மோனை."

"அப்ப நான்?"

தாடி நரைக்கத் தொடங்கியவன், விளையாட்டில் சேர்க்காமல் விட்ட பிள்ளைபோலக் கேட்டான். குணலட்சுமி குந்தியிருந்தபடியே மண் ஒட்டிய கையால் அவன் முழங்காலைத் தொட்டாள்.

"நீ போற ஒவ்வொரு முறையும் எனக்குச் செத்த வீடுதான். பொய் சொல்லமாட்டன். ஆனா அங்கை வந்து, நீ வேலையாலை வருமட்டும் யன்னலைப் பாத்துக்கொண்டிருந்தால் நான் ஒருத்தருக்கும் உதவாத ஆளாப் போடுவன். வெயில் காலத்திலை வந்து உன்னோடை நிக்கிறன். குடியிருக்க வரமாட்டன்."

அவன் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டான். கோபித்துக்கொண்டு போகிறான் என்று அவளுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் கை நிற்கவில்லை. அடுக்கினாள். முதல் கடகம் வெறுமையாகி, பாத்தி நிரம்பியது.

உள்ளே இருந்து அவன் குரல் கேட்டது. "சுபாஸ், குறை நினைக்காதை. ஸ்கூட்டி விக்கேல்லையடா. அம்மாவுக்கு வேணும்."

கொஞ்ச நேரத்தில் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு வந்தான். கண் சிவந்திருந்தது. மண்வெட்டியை எடுத்து, பாத்தி முடிந்த இடத்திலிருந்து மேலும் கொத்தத் தொடங்கினான். பழக்கம் விட்டுப்போன கை, வெட்டு கோணலாக விழுந்தது.

"காணும் மோனை. தனி ஆளுக்கு உவ்வளவு கிழங்கு எதுக்கு?"

"தனி ஆளுக்கு ஆர் போடுறது?" அவன் நிமிரவில்லை. "தையிலை நானும் வந்து கிண்டவேண்டாமே?"

குணலட்சுமி இரண்டாவது கடகத்தை அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

"அப்ப நெருக்கி அடுக்கு" என்றாள்.