டோமினிக்கின் பிக் தேய்ந்த விதம்

தவக்காலம் முடியும்வரை பாடற்குழுவில் யாரும் கிட்டார் வாசிக்கக் கூடாது, வீட்டிலும் கூடாது என்பது சாந்தாமேரி டீச்சரின் சட்டம். ஏற்காட்டில் அதை மீறியவர்கள் உண்டு. அவர்கள் இப்போது பாடற்குழுவில் இல்லை.

செபாஸ்டின் மீறவில்லை. ஈஸ்டர் காலைப் பூசையில் வானவர் கீதத்துக்கு முன்னால் ஒரே ஒரு கிட்டார் தனியாக ஒலிக்கும். மூன்று வருடமாக அது அவனுடைய கிட்டார். ஊரில் அவனை நாலு பேருக்குத் தெரிந்ததே அதனால்தான். வேறு காரணம் எதையும் அவன் தந்திருக்கவில்லை.

போட்டி என்று சொல்ல கிளியூர் டோமினிக் இருந்தான். கம்பியை மீட்டும் பிளாஸ்டிக் வில்லையான பிக்கை மேலிருந்து கீழே மட்டும் அடிப்பான். திரும்பி மேலே வரும்போது கை கம்பியைத் தொடாது, டெப்போவுக்குப் போகும் காலி பஸ் மாதிரி சும்மா வரும். வேகப் பாட்டென்றால் பாதியில் நின்றுவிடுவான். அவனைப் பற்றி செபாஸ்டினுக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

குருத்து ஞாயிறன்று அது போயிற்று. டோமினிக் கைக்குட்டையை உருவியபோது சட்டைப்பையிலிருந்து பிக் விழுந்தது. செபாஸ்டின் எடுத்துப் பார்த்தான். முனை மழுங்கியிருந்தது. இரண்டு பக்கமும். கீழே மட்டும் அடித்தால் ஒரு பக்கம்தான் தேயும்.

"புதுசுதானடா இது?"

"ஆமா."

"தவக்காலத்துல தானாத் தேயுதா?"

"பாக்கெட்டுல சில்லறை கெடக்குது," என்றான் டோமினிக்.

சில்லறை இரண்டு பக்கமும் சமமாகத் தேய்க்குமா என்று இரவெல்லாம் யோசித்துவிட்டு, செபாஸ்டின் மறுநாள் கிளியூருக்கு வண்டியை விட்டான். டோமினிக்கின் அம்மா தேவகுமாரி வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கம்மா, டோமினிக் இருக்கறானுங்களா?"

"உள்ள படிக்கறான் கண்ணு. நொம்ப மாறிட்டான். கதவச் சாத்திக்கிட்டா ஒரு சத்தமில்ல."

பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. டோமினிக் அதற்குள் புத்தகத்தைத் தொடுகிறவன் இல்லை. செபாஸ்டின் வீட்டைச் சுற்றிப்போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தான். டோமினிக் மடியில் கிட்டார். கம்பிகளுக்கு அடியில் ஒரு கைத்துண்டு திணித்திருந்தது. பிக் கீழே, மேலே, கீழே, மேலே என்று போய்க்கொண்டிருந்தது. வெளியே கேட்டது டிக் டிக் மட்டும்.

செய்தி அன்றைக்கே டீச்சருக்குப் போனது. சனிக்கிழமை காலை, தன் சட்டத்துக்கு ஒரு நாள் விடுப்புக் கொடுத்து, இருவரையும் கோயில் ஹாலுக்குக் கூப்பிட்டார். துண்டோடு.

"பாட்டு வெளிய கேட்டுச்சா செபாஸ்டின்?"

"இல்லீங்க டீச்சர். டிக்கு டிக்குனு..."

"அப்ப அது வாசிப்பா?"

"கிட்டார்தானுங்களே!"

"கடியாரமுந்தான் டிக்குங்குது. நீ அந்தத் துண்ட வெச்சு வாசி, பாப்போம்."

வாசித்தான். இத்தனை நாளும் அவன் ஒரு அடியைத் தவறவிட்டால் முந்தைய அடியின் ரீங்காரம் அதை மூடிவிடும். துண்டு ரீங்காரத்தைத் தின்றுவிட்டது. டிக், டிக், ஒன்றுமில்லை, டிக், ஒன்றுமில்லை. மேலே வரும் அடியில் பாதி காணோம். டோமினிக் வாசித்தபோது தகரக்கூரையில் மழை மாதிரி ஒரே சீராக விழுந்தது.

பிறகு டீச்சர் துண்டை உருவினார். டோமினிக்கின் அடி ஒவ்வொன்றும் சுத்தம். சுரம்தான் வேறு ஊருக்குப் போயிருந்தது. தவக்காலம் முழுக்கத் தன் சத்தத்தைக் கேட்காத இடதுகை, இஷ்டப்பட்ட இடத்தில் நின்றது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் மாதிரித் தெரியவில்லை.

"நாளைக்கு டோமினிக் வாசிக்கறான்."

"டீச்சர், பாட்டே தப்புங்க!"

"அவன் வெரலு பொழுது சாயறதுக்குள்ள திருந்தீரும். உன் மணிக்கட்டு திருந்தாது. நீயே பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடு."

செபாஸ்டின் உட்கார்ந்தான். கிட்டார் கழுத்தில் ஒரு கட்டம் தள்ளிச் சொன்னால் போதும், சுரம் பிசகிவிடும். நாளைக் காலை கோயிலே திரும்பிப் பார்க்கும், அடுத்த வருடம் கிட்டார் தன்னிடமே வரும்.

"மூணாவது கம்பி, அஞ்சாவது கட்டம்."

டோமினிக் விரலை வைக்கவில்லை. "டீச்சர், இவன் சொல்றது நெசமுங்களா?"

டீச்சர் மெழுகுவர்த்தி எண்ணப் போயிருந்தார். செபாஸ்டின் தன் விரலாலேயே கம்பியை அழுத்திப் பிடித்தான்.

"அடிடா."

அடித்தான். சரியான சுரம்.

"இன்னொருக்கா," என்றான் டோமினிக், இன்னும் நம்பாமல் செபாஸ்டினின் முகத்தையே பார்த்துக்கொண்டு.