கிள்ளான் சபாபதியின் கருத்து

மகள் பாடகியாகிவிட்டாள் என்று கனகலிங்கம் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், சிரம்பானில் டீச்சர் என்பதே அவருடைய பதில். அது முழுப் பொய்யும் இல்லை. சுகிர்தா மூன்று வருடம் சிரம்பானில் ஆங்கிலம் கற்பித்தவள்தான். தொண்ணூற்று நாலில் அந்த வேலையை விட்டுவிட்டு, சுபாங் ஜெயாவில் கடைவீட்டு மாடி ஒன்றை வாடகைக்கு எடுத்து, கிட்டார் வாசிக்கிற இருவரையும் டிரம்ஸ் அடிக்கிற ஒரு சீனப் பையனையும் சேர்த்துக்கொண்டு பாடத் தொடங்கினாள். அன்றைக்கு அவளோடு பேச்சை நிறுத்தியவர், இரண்டு வருடமாகியும் பேசவில்லை.

அவர் அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸில் சொந்த வீடு. வெள்ளிக்கிழமை தவறாமல் ஸ்காட் ரோட்டுக் கந்தசாமி கோயில். யாரும் ஒரு சொல் சொல்ல இடம் வைக்காமல் வாழ்ந்துவிட்டோம் என்று நினைத்திருந்தவர்.

அந்த நினைப்பில்தான் 'நாலாம் பிளாட்பாரம்' வந்து விழுந்தது. சுகிர்தா பாடிய பத்துப் பாட்டு உள்ள கேசட். தமிழில் இப்படி ராக் பாட்டா, அதுவும் ஒரு பெண்ணா என்று முதலில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். மூன்று மாதத்துக்குள் மஸ்ஜித் இந்தியாத் தெருவில் கடைக்குக் கடை அதுதான் அலறியது. மினி பஸ் டிரைவர்கள் போட்டார்கள், கல்யாண விருந்துகளில் பிள்ளைகள் அதற்கு ஆடினார்கள். அட்டையில் ஒட்ட வெட்டிய முடியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு முகம், கீழே 'சுகி' என்று இரண்டே எழுத்து. அது கனகலிங்கத்தின் மகள் என்று கோயில் பக்கத்து யாழ்ப்பாணத்து ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் போதுமான அளவுக்குப் பேசினார்கள். அவரோடு இருபது வருடம் ஒரே அலுவலகத்தில் இருந்த சிவசம்பு, பிள்ளையை டிவியில் பார்த்ததாகவும், காற்சட்டை முழங்காலில் கிழிந்திருந்ததாகவும், வேறு காற்சட்டை வாங்க வழியில்லையோ என்று தன் மனைவி கேட்டதாகவும் பிரசாதம் வாங்கும் வரிசையில் நின்றபடி சொன்னார். கனகலிங்கம் அன்றைக்குப் பிரசாதம் வாங்காமலே வந்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை மனைவி இராசேஸ்வரி சொன்னாள், நாளைக்குப் பதினொரு மணிக்கு வானொலியில் சுகிர்தா வருகிறாளாம், அந்தக் கேசட்டைப் பற்றி நேயர்கள் போன் பண்ணிக் கருத்துச் சொல்வார்களாம், ஒருக்கால் இருந்து கேட்டால் என்ன என்று. அவரோ மறுநாள் பத்தரை மணிக்கே முடி வெட்டப் போவதாகக் கிளம்பிவிட்டார்.

முடிவெட்டும் கடை ரெங்கசாமியுடையது. அங்கே நாலு பேர் முன்னால் காத்திருந்தார்கள். ரேடியோவும் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போகலாம் என்று அவர் யோசிப்பதற்குள் நிகழ்ச்சி தொடங்கிவிட்டது. அறிவிப்பாளர் வாசு வணக்கம் சொல்லி, சுகி வந்திருப்பதாகச் சொன்னார். பிறகு அவள் குரல் கேட்டது. வீட்டில் பேசுகிற யாழ்ப்பாணத் தமிழில் அல்ல, ஊரெல்லாம் பேசுகிற தமிழில். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் பேசிக் கேட்கிறார். கையிலிருந்த பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஒவ்வொருவராக அழைத்தார்கள். சுங்கை வே தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண்ணொருத்தி, இரவு வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது நாங்கள் பத்துப் பேரும் சேர்ந்து இதைத்தான் பாடுகிறோம் என்றாள். காஜாங்கிலிருந்து ஒரு லோரி டிரைவர் நாலாவது பாட்டை முழுசாகப் பாடியே காட்டினார். ஒரு நடுவயது அம்மாள், இந்தப் பாட்டுகளைக் கேட்கும்போது தனக்கு அழுகை வருகிறது, ஏனென்று தெரியவில்லை என்றாள். எல்லாரும் 'எங்க சுகி' என்றார்கள்.

கடையில் இருந்தவர்களுக்கும் கருத்து இருந்தது. ஒருவர், பெண்பிள்ளைக்கு இவ்வளவு கத்தல் ஆகாது என்றார். கத்தவில்லை, அதுதான் ராக் என்றார் இன்னொருவர். ரெங்கசாமி கத்தரிக்கோலை நிறுத்தி, இந்தப் பெண் சிலோன்காரப் பிள்ளை என்று கேள்விப்பட்டேனே, உங்களுக்குத் தெரியுமா என்று கனகலிங்கத்தைக் கேட்டார். பதினைந்து வருடமாக அவர் தலையைத் தொட்டு முடி வெட்டுகிற மனிதர். கனகலிங்கம் பத்திரிகையை இறக்காமலே, தெரியாது என்றார்.

சொன்ன பிறகு உட்கார முடியவில்லை. அங்கே இருப்பவர்கள் மேல், அழைத்தவர்கள் மேல், 'எங்க சுகி' மேல் எல்லாம் கோபம் வந்தது. ஒருவராவது அவளுக்கு உண்மையைச் சொல்ல வேண்டாமா? அப்பன் சொன்னால் கேட்கமாட்டாள். முன்பின் தெரியாத ஒருவர் சொன்னால் உறைக்கும், வேலைக்குத் திரும்பினாலும் திரும்புவாள். அந்த நேரத்தில் அது அவருக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது. இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தெருமுனைப் பொதுத் தொலைபேசிக்குப் போனார். ரேடியோவில் திரும்பத் திரும்பச் சொன்ன எண்ணை அழுத்த, ஐந்தாவது தடவை இணைப்புக் கிடைத்தது.

"வணக்கம். பேரு சபாபதி. கிள்ளான்லேருந்து பேசறேன்."

அலுவலகத்தில் லோரி டிரைவர்களோடும் ரோட்டு வேலை ஆட்களோடும் முப்பது வருடம் பேசிய தமிழ் அது. நாக்குத் தடுக்காமல் வந்தது.

"கேசட் கேட்டேன்லா. இது பாட்டா? காட்டுக் கத்தல். பொம்பளைப் பிள்ளை முடியை வெட்டிக்கிட்டு ஆம்பளைங்களோட மேடையில குதிக்குது. பெத்தவங்க எப்படி வெளியில தலை காட்டுவாங்க? படிச்ச பிள்ளைன்னு சொல்றாங்க. பேசாம படிச்ச வேலைக்குப் போகச் சொல்லுங்க."

 சுகிர்தாதான் பேசினாள், கோபமே இல்லாமல்.

"கருத்துக்கு நன்றிங்க ஐயா. பத்துப் பாட்டு இருக்கு. அதுல எது ரொம்ப மோசம்னு சொன்னீங்கன்னா எனக்கு உதவியா இருக்கும்."

கனகலிங்கம் வாயைத் திறந்தார். ஒரு பாட்டின் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. எப்படி வரும்? ஒன்றையாவது அவர் முழுசாகக் கேட்டதில்லை. பஸ்ஸில் போட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கியிருக்கிறார், கடையில் போட்டால் எதிர்ச்சாரிக்கு மாறியிருக்கிறார். நாடே கேட்டுக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. ரிசீவரை மறுகைக்கு மாற்றினார்.

"எல்லாம் ஒண்டுதான்" என்றார்.

வாசு சிரித்துவிட்டார். கிள்ளான் அண்ணன் திடீரென்று யாழ்ப்பாணம் போய்விட்டாரே என்று கேலி செய்தார். சுகிர்தா சிரிக்கவில்லை. மறுபடி அவள் பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது. ஊரெல்லாம் பேசுகிற தமிழ் போய், வீட்டுத் தமிழ் வந்திருந்தது.

"ஐயா, வெய்யிலுக்குள்ள நிண்டு கதைக்கிறியள் போல கிடக்கு. பஸ் சத்தம் கேக்குது. வீட்டை போங்கோ."

அவர் ரிசீவரை வைத்தார். அது கொக்கியில் சரியாக விழாமல் தொங்கியது. எடுத்து மறுபடி வைத்தார். முடி வெட்டாமலே, கடையிருந்த தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் வீட்டுக்கு நடந்தார்.

ரேடியோ அணைந்திருந்தது. மேசையில் சோறும் மீன்குழம்பும் எடுத்து வைத்திருந்தாள் இராசேஸ்வரி. அவர் கை கழுவி உட்கார்ந்த பிறகு, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"கிள்ளானிலயிருந்து எப்ப வந்தனீங்கள்?"

அவ்வளவுதான். அதற்கப்புறம் ஐந்து நாள் அவள் அவரோடு தேவைக்கு மேல் பேசவில்லை. முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் சண்டை போட்டிருக்கிறாள், அழுதிருக்கிறாள், ஒருமுறை ஈப்போவில் அண்ணன் வீட்டுக்கும் போயிருக்கிறாள். இப்படிப் பேசாமல் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில், இராசேஸ்வரி கண்டுபிடித்தது போல வேறு யாரும் கண்டுபிடித்திருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் உள்ளே போனார். சிவசம்பு தேடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். நாலு பேர் கேட்கும்படி, நல்லாச் சொன்னாய் கனகலிங்கம், பெத்த அப்பன் எண்டால் இப்படி இருக்கவேணும் என்றார். பக்கத்தில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர், குரலை மாற்றினாலும் நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம் என்று தோளில் தட்டினார்.

வசை வரும் என்று நினைத்தவருக்கு வந்தது பாராட்டு. அது தாங்கமுடியாததாக இருந்தது. காற்சட்டைக் கிழிசலைச் சொல்லிச் சிரித்த அதே வாய். இந்த மனிதர்கள் மெச்சவேண்டும் என்பதற்காகவா இவ்வளவும் செய்தோம் என்று நினைத்தபோது, சாமியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பூசை முடியுமுன் வெளியே வந்து செருப்பைத் தேடினார்.

மறுநாள் காலையில் மனைவியிடம் அந்தக் கேசட் இருக்கிறதா என்று கேட்டார். அவள் அலமாரியில் சேலைகளுக்கு அடியிலிருந்து எடுத்து வந்து மேசையில் வைத்துவிட்டு, பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகப் பையை எடுத்துக்கொண்டாள். கேட்கப்போகிறவரைத் தனியே விடவேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, உள்ளே மடித்து வைத்திருந்த பாட்டு வரிகளை விரித்துப் பிடித்து, இரண்டு பக்கமும் கேட்டார். டிரம்ஸ் வரும்போதெல்லாம் சத்தத்தைக் குறைத்தார். சொல் புரியாவிட்டால் திருப்பி ஓடவிட்டார். தன்னைத் திட்டித்தான் எழுதியிருப்பாள் என்று ஒவ்வொரு பாட்டிலும் தன்னைத் தேடினார். எங்கேயும் இல்லை. அதிகாலையில் தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள் இருந்தார்கள். ரயில் நிலையத்தில் யாரையோ வழியனுப்ப வந்து தானே ஏறிப்போய்விடுகிற ஒருத்தி இருந்தாள். பல்வலியைப் பற்றிக்கூட ஒரு பாட்டு இருந்தது. அப்பன் இல்லை. நிம்மதியாக இருக்கவேண்டியது ஏனோ ஏமாற்றமாக இருந்தது.

தாளை மடிக்கும்போதுதான் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் பார்த்தார். 'பாடல்களும் இசையும்: கனகலிங்கம் சுகிர்தா.'

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். எத்தனை ஆயிரம் கேசட் விற்றதென்று அவருக்குத் தெரியாது. அத்தனையிலும் அவருடைய பெயர் இருந்தது. அவளோ அதை எடுத்துவிடவில்லை. தன் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு யாரோ ஒரு சபாபதியின் பெயரை இரவல் வாங்கியவர் அவர்தான். தனியாக இருந்தும் அவருக்கு முகம் சுட்டது. இராசேஸ்வரி திரும்பி வரும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை.

அன்று மத்தியானமே சுபாங் ஜெயாவுக்குப் பஸ் ஏறினார். விலாசம் மனைவி எழுதிக் கொடுத்தது. கீழே சைக்கிள் கடை, பக்கவாட்டில் குறுகிய மாடிப்படி. கதவைத் திறந்த சுகிர்தா ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு உள்ளே விட்டாள். ஒயர்கள் ஓடிய தரையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து அவர் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மெலிந்திருந்தாள். வெட்டிய முடி கொஞ்சம் வளர்ந்து காதை மூடியிருந்தது.

வழியெல்லாம் கோர்த்துக்கொண்டு வந்த பேச்சை விட்டுவிட்டு, நேரே விஷயத்துக்கு வந்தார்.

"அண்டைக்கு ரேடியோவில... அது நான்தான்."

"தெரியும் அப்பா."

நிகழ்ச்சி முடிந்ததும் அந்த ஆளைத் தெரியுமா என்று வாசு கேட்டாராம். தெரியாத ஆள் என்று சொல்லிவிட்டாளாம். கனகலிங்கம் தலையை ஆட்டி, நல்லது பிள்ளை, என்னைக் காப்பாற்றிவிட்டாய் என்றார்.

"உங்களைக் காப்பாத்த இல்லை" என்றாள் சுகிர்தா. "எனக்கு வெக்கமாக் கிடந்தது. அவர் என்ரை அப்பா எண்டு சொல்ல வாய் வரேல்லை."

அவர் தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளால் தனக்கு வெட்கம் என்று இரண்டு வருடம் தெருத்தெருவாக ஒளிந்து நடந்தவர். தன்னால் அவளுக்கு வெட்கம் வரும் என்பது ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை. அவள் அதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். 

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கேசட்டைக் கேட்டேன் என்றார். எப்போது என்று கேட்டாள். இன்று காலை என்றார். அவள் எதிரே தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். சின்ன வயதில் பரீட்சை முடிவைக் கொண்டுவந்து நீட்டிவிட்டு அப்படித்தான் உட்காருவாள்.

அவர் மெதுவாகத் தன் கருத்தைச் சொன்னார். தொழிற்சாலைப் பெண்களின் பாட்டு நன்றாக இருக்கிறது. ரயில் பாட்டில் இரண்டாவது அடியில் டிரம்ஸ் சொற்களை விழுங்குகிறது, தாளைப் பார்த்துத்தான் விளங்கியது. பல்வலிப் பாட்டு எதற்கு என்று விளங்கவே இல்லை. மீதி ஏழும் அவருக்குச் சத்தமாகத்தான் பட்டது.

"இரண்டாவது அடி எண்டு நானும் சொன்னனான்" என்றாள் சுகிர்தா. "ரெக்கோர்டிங்கில ஆரும் கேக்கேல்லை."

ஒத்திகைக்கு ஆட்கள் வரும் நேரமாகிவிட்டது. அவள் பஸ் நிறுத்தம்வரை கூட வந்தாள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே, வீட்டுக்குச் சாப்பிட வா என்றார். பாப்பம் என்றாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மன்னித்துக்கொள் என்று ஒரு சொல் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்துவிட்டது.

வீட்டில் இராசேஸ்வரி வாசலிலேயே நின்றிருந்தாள். என்ன சொன்னாள் என்று கேட்டாள். பாப்பம் என்றாள் என்று மட்டும் சொல்லி உள்ளே போயிருக்கலாம். கனகலிங்கம் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்து, ரெங்கசாமி கடையில் தெரியாது என்று சொன்னதிலிருந்து ஒன்றும் விடாமல் சொன்னார். மகளுக்குத் தன்னை நினைத்து வெட்கமாக இருந்ததாம் என்ற இடம் வந்தபோது மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அதையும் சொல்லி முடித்தார்.