இடது பக்கக் கோல்

மே மாதம் பிறந்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாதா சுருவம், அதுதான் மாதா சிலை, வீடு வீடாகப் போகும். செபமாலை சொல்லி, பாட்டுப் பாடி, ஒரு வீட்டில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் சாயங்காலம் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடும். தங்குகிற வீட்டில் விளக்கு அணையக் கூடாது, டீவி போடக் கூடாது. எங்கள் முறை மாதத் தொடக்கத்திலேயே வந்திருந்தது. அதைப் போய்க் கடைசிச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டு வந்தவர் என் வீட்டுக்காரர் டக்ளஸ். ஏன் என்று கேட்டால், எங்கள் முறையன்றுதான் ஐரோப்பியக் கிண்ணக் கால்பந்து அரையிறுதி ஆட்டமாம், அதைப் பார்க்க வேண்டுமாம்.

டக்ளஸ் தோட்டத்து லொறி ஓட்டுகிறவர். இருபது வருடமாக அந்தக் கிண்ணத்தில் நீலச் சட்டைக்காரர்கள் பக்கம். அவர்களும் வருடா வருடம் தவறாமல் தோற்பார்கள். தோற்றதும் இவர் எழுந்து, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு டீவி முன்னால் நிற்பார். எங்கள் மகன் ஜெனுஷன் பால் குடிக்கிற வயதிலேயே பக்கத்தில் நின்று அதையே செய்வான். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "கையை எறக்குங்க! நல்லா இருக்கிற வீட்டுல யாராவது தலையில கை வெப்பாங்களா?" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். அப்பனும் மகனும் இறக்குவார்கள், அடுத்த வருடம் மறுபடி வைப்பார்கள்.

இந்த முறை நீலம் அரையிறுதியில் வென்று தொலைத்துவிட்டது. இறுதி ஆட்டம் எப்போது என்று பார்த்தால் அதே கடைசிச் சனிக்கிழமை. இறுதிக்குப் போவார்கள் என்று இருபது வருட ரசிகருக்கே நம்பிக்கை இருந்திருக்கவில்லை. இருந்திருந்தால் அந்த நாளைக் கேட்டு வாங்கியிருப்பாரா? நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். மாதாதான் உங்களுக்குப் பாடம் படிப்பிக்கிறாங்க என்றேன்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. ஹட்டன் சந்தையில் மஸ்கெலியா அழகம்மாவைக் கண்டேன். அவள் மகனும் ஜெனுஷனும் ஒரே ஏஜென்சி மூலம் ஒன்றாக வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள். அந்த நாட்டின் பெயர் என் வாயில் நுழையாது, நான் ஐரோப்பா என்றுதான் சொல்வேன். அழகம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெனுஷன் தம்பிக்கு இப்ப எப்பிடிங்க இருக்கு? எறச்சி வெட்டுற மெசின்ல கை போயிருச்சுன்னு எங்க பய சொன்னானே" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும், "பெருசா ஒண்ணும் இருக்காதுங்க" என்று சொல்லிவிட்டு மரக்கறிப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கே போனில் மகனைக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றான். "அப்ப முகத்தக் காட்டு" என்றால் கமரா உடைந்துவிட்டதாம். அதற்கு முன்னால் சோறு தின்பதைக்கூட வீடியோவில் காட்டுகிற பிள்ளை. அதற்குப் பிறகு வெறும் குரல்தான். கொழுந்து பறிக்கும்போதெல்லாம் என் கை இரண்டும் செடியில் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். கை போனவன் என்ன வேலை செய்வான், எப்படிச் சட்டை போடுவான் என்றே மனம் ஓடும். டக்ளஸிடம் சொன்னால், "அவன்தான் இல்லைங்கிறானே" என்பார். ஆனால் அவரும் ராத்திரியில் புரண்டு புரண்டுதான் படுத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் ஜெனுஷன் போனில் பேசினான். குரலில் என்றைக்கும் இல்லாத சந்தோஷம்.

"அம்மா, இன்னைக்கு ஃபைனலுக்கு எனக்கு அங்கதான் வேல."

"வெளையாடவாடா?"

"போங்கம்மா. மஞ்சச் சட்ட போட்டுக்கிட்டு கோலுக்குப் பின்னால நிக்கணும். சனம் கிரவுண்டுக்குள்ள குதிக்காமப் பாத்துக்கிற வேல. டீவில எடது பக்கம் தெரியுமே, அந்தக் கோலு. அப்பாகிட்ட சொல்லுங்க."

"மெசின் வேல என்னாச்சு?"

"அது கொஞ்ச நாளைக்கு இல்லம்மா. சரி, கூப்புடுறாங்க" என்று வைத்துவிட்டான்.

அவன் முகத்தைக் காட்ட மாட்டேன் என்கிறான். உலகமே பார்க்கிற டீவி காட்டுமே.

ஆனால் சாயங்காலமே மாதா வந்தாயிற்று. எங்கள் வீட்டில் மேசை ஒன்றுதான், அதில்தான் டீவி. டீவியை வெள்ளைத் துணியால் மூடி, அதற்கு முன்னால் சுருவத்தை வைத்துப் பூவும் விளக்கும் வைத்திருந்தோம். செபமாலை முடிந்து, கூட வந்த அக்கம்பக்கத்தார் எல்லாரும் கடலையும் பிளேன்டீயும் எடுத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். டக்ளஸ் மூலையில் உட்கார்ந்து துணிக்குப் பின்னால் இருந்த டீவியையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக நடுராத்திரியில் நடக்கிற ஆட்டத்தை இந்த வருடம் முன்னுக்குத் தள்ளி, நமக்கு ராச்சாப்பாட்டு நேரத்துக்கே வைத்துவிட்டார்கள். அவர் வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானே ஏசியிருப்பேன்.

நான் எழுந்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுருவத்தை இரண்டு கையாலும் தூக்கி, பக்கத்தில் இருந்த நாற்காலியில் வைத்தேன். விளக்கையும் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். பிறகு துணியை உருவினேன்.

செபமாலை நடத்துகிற தெரேசா அக்கா கடலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். கோயில் விசயத்தில் அவர் ஒரு நூலும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"என்னா ஜொய்சி இது?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அழகம்மா சொன்னது, வீடியோ இல்லாதது, மஞ்சள் சட்டை, இடது பக்கக் கோல். சொல்லும்போதே அழுதுவிட்டேன். "மாதாவும் புள்ளையப் பெத்தவங்கதானேக்கா. எனக்கு அவன் கையப் பாக்கணும்."

தெரேசா அக்கா நாற்காலியில் இருந்த மாதாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்துபோய் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி, மாதாவின் முகம் டீவிக்கு நேராக வரும்படி வைத்தார். "வெளக்கு மட்டும் அணையக் கூடாது" என்றார். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

இப்படி ஒரு ஆட்டத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பந்து எங்கே போகிறது என்று பார்த்தவர் டக்ளஸ் மட்டும்தான். மற்ற எல்லாரும் ஓரத்தைப் பார்த்தோம். கோலுக்குப் பின்னால் மஞ்சள் சட்டைகள் வரிசையாக நின்றன, எல்லாம் முதுகு. அந்த வேலைக்காரர்கள் சனத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டுமாம், திரும்பி ஆட்டத்தைப் பார்க்கக் கூடாதாம். பந்து அடிக்கிற இடத்தில் போய் நின்று பந்தைப் பார்க்காமல் இருப்பதற்குச் சம்பளம்! கையை எல்லாரும் முன்னால் கட்டியிருந்தார்கள். எது என் பிள்ளை என்று எனக்கே தெரியவில்லை.

"கோல் விழுந்தாத்தான் கமரா கிட்டப் போகும்" என்றார் டக்ளஸ். முதல் பாதியில் நீலம் இடது பக்கம்தான் அடித்தது, எதிரணி சிவப்புச் சட்டை வலது பக்கம். அதனால் வீடு முழுக்க நீலக் கட்சி. பந்து ஒருமுறை கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது தெரேசா அக்கா "யேசுவே!" என்று கத்திய சத்தம் கீழ் லயத்து வீடுகளுக்குக் கேட்டிருக்கும். கோல் விழவில்லை.

இடைவேளை முடிந்து வந்தால் எல்லாம் தலைகீழ். நீலம் வலது பக்கம் அடிக்கிறது.

"என்னாங்க இது, மாறி நிக்கிறாங்க?"

"பக்கம் மாத்துவாங்க ஜொய்சி. அதுதான் சட்டம்."

"அப்ப எடது பக்கம் யாரு அடிப்பா?"

டக்ளஸ் தலையைக் குனிந்துகொண்டார். தெரேசா அக்காதான் சொன்னார்: "செவப்பு. அப்ப நாம இனி செவப்பு." கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. அதன் பிறகு நீலம் ஒரு கோலைத் தவறவிட்டபோது எங்கள் வீட்டில் எல்லாரும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டோம். டக்ளஸ் மட்டும் ஊசி குத்தியதுபோல் துடித்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். வெளியே பனி இறங்கியிருந்தது. அதில் தனியாக நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. இருபது வருடம் காத்திருந்த மனிதன்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் உள்ளே வந்தார். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் பந்தோடு இடது பக்கம் ஓடிக்கொண்டிருந்தான்.

"அடிடா" என்றார் டக்ளஸ், மெதுவாக. பிறகு தொண்டை கிழிய, "அடிடா செவப்பு!"

அடித்துவிட்டான்.

வீடு அதிர்ந்தது. கமரா முதலில் சிவப்புக்காரர்களைக் காட்டியது, அவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். "பின்னால காட்டுடா!" என்று நான் டீவியைப் பார்த்துக் கத்தினேன். அதற்குப் பிறகு அந்தக் கோலையே மெதுவாகத் திரும்பக் காட்டினார்கள். பந்து வலையில் போய் விழுகிறது. வலைக்குப் பின்னால் மஞ்சள் முதுகுகள். அதில் ஒன்று மட்டும், திரும்பக் கூடாது என்ற சட்டத்தை மறந்து, மெல்லத் திரும்புகிறது. மெலிந்த முகம், தாடி. வாய் பிளந்தபடி இரண்டு கையையும் தூக்கித் தலையில் வைக்கிறது.

இரண்டு கை. வலது கையில் உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெள்ளைக் கட்டு. கட்டுக்கு வெளியே விரல்கள் நீட்டிக்கொண்டு, தலைமயிரைப் பிடித்திருந்தன.

"ஜெனுஷன்!" என்றேன். தெரேசா அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் டக்ளஸ் டீவி முன்னால் நின்றுகொண்டிருந்தார், அவரும் இரண்டு கையையும் தலையில் வைத்தபடி. கன்னம் நனைந்திருந்தது. "பயலுக்கு ஆட்டம் தாங்கல பாத்தியா" என்றார். அன்றைக்கு நான் அவரை ஏசவில்லை.

எல்லாரும் போன பிறகு போன் அடித்தது.

"அம்மா, தோத்துட்டோம்" என்றான். "அப்பா என்னா பண்றாரு?"

"தலையில கை வெச்சுக்கிட்டு நிக்கிறாரு. நீயும் வெச்ச. நான் பாத்தேன்."

அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சினான்.

"கட்டுப் போட்டிருந்திச்சே, அதையும் பாத்தேன். இனி என்னாத்துக்குடா மறைக்கிற? வீடியோவப் போடு."

கொஞ்ச நேரம் கழித்துத் திரையில் வெளிச்சம் வந்தது. தாடிக்குள் என் பிள்ளை முகம். அழுதிருந்தான், தோற்றதற்கோ எதற்கோ. "தச்சிருக்காங்கம்மா, சரியாயிரும். நீங்க பயப்புடுவீங்கன்னுதான்" என்றான்.

"அதெல்லாம் பெறகு சொல்லு" என்றேன். "ரெண்டு கையையும் தலையில வை. இன்னொரு தடவ பாக்குறேன்."