புல் பிடித்த கரை

கோரிமேட்டுச் சரிவில் எங்கள் வீட்டுக்கு மேலே வீடு கட்டிக் குடிவந்தவள் கார்குழலி. மழை பெய்தால் அவள் தோட்டத்துச் செம்மண் என் அடுப்படிக்குத்தான் வரும். போன ஐப்பசியில் அரிசி டின் முழுகச் சேறு. அடுத்த மழைக்கும் இப்படி வந்தால் உன்னோடு பேச்சே கிடையாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி.

சுவர் எழுப்புவாள் என்று பார்த்தால், துணிக்கடை வேலை முடிந்து வந்து மண்வெட்டியைத் தூக்கினாள். சரிவைப் படிபடியாக வெட்டி, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் கரை போட்டாள். கரையைச் சாய்த்துத் தட்டி, அருகம்புல்லும் வெட்டிவேரும் நட்டாள். மண்ணை மண்ணால் தடுக்கப்போகிறாளாம் என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தேன். ஆனால் ஆடித் தூறலுக்குப் பிறகு கரைகள் பச்சைப்பசேலென்று நின்றன. அத்தனை அழகு, கண்ணை எடுக்க முடியவில்லை.

ஐப்பசி பிறந்ததும் ஊரிலிருந்து அவள் மாமனார் ராமலிங்கம் வந்தார். காலமெல்லாம் நெல் வயலில் கிடந்தவர். மருமகள் கடைக்குப் போயிருந்தபோது, உதவியாக இருக்கட்டுமே என்று, வயல் வரப்பைச் செதுக்குவதுபோலக் கீழ்க்கரையை ஒரு புல் இல்லாமல் செதுக்கி வைத்துவிட்டார். மொட்டைத் தலைபோல வழவழவென்று இருந்தது. வானமோ கறுத்துக்கொண்டு வந்தது.

மதியம் சாப்பிட வந்த கார்குழலி நேரே கரைக்குப் போய்ப் பார்த்தாள். சண்டை வரும் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"மாமா, செதுக்கின புல்லு எங்க? வாங்க, திரும்ப வச்சிடலாம்" என்றாள், அவ்வளவுதான்.

வேர்மண்ணோடு கிடந்த புல் பத்தைகளைப் பொறுக்கி, கரையில் பதித்து, நழுவாமலிருக்க மூங்கில் குச்சி குத்தினார்கள். மண்ணைப் பிடித்து நிறுத்துவதே அந்தப் புல்தான் என்று புரிந்த பெரியவர் தலை நிமிரவே இல்லை. அவள்தான் வயல் கதை கேட்டுக் கேட்டு அவரைச் சிரிக்கவைத்தாள். அந்தப் பொறுமை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. மனசு கேட்காமல் நானும் சாக்குகளைக் கொண்டுபோய் மேலே விரித்தேன்.

கடைசிச் சாக்கை விரிக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாய்கிறவரை ஊற்று ஊற்றென்று ஊற்றியது. மழை விட்டதும் கார்குழலி ஈரப் புடவையோடு என் வாசலுக்கு ஓடிவந்தாள். உள்ளே சேறு வந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அதுவரை சிரித்த முகமாக இருந்தவள், என் படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

"நீங்க பேசாம போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன் வசந்தாக்கா."

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், அடுப்படியில் காய்ந்த தரையில் உட்காரவைத்து டீ போட்டேன்.