மீன்குழம்பில் மார்மலேடு

1

இந்தக் கதை ஒரு மீன்குழம்பில் பிறந்தது. லண்டனில் ஸ்டெப்னிப் பக்கம் நான் குடிவந்து வெகுகாலமாகிறது. தெருமுனை ஹோட்டலில் ஒருநாள் குழம்பில் ஆரஞ்சுத் தோல் ஜாம், அதாவது மார்மலேடு, மணத்தது. முதலாளியைக் கேட்டேன். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான். சாப்பிடுங்க, ஆறிடும்" என்றார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதி, அந்தத் தாத்தாவின் பேர் உட்பட, என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "கப்பலைவிட்டு ஓடிவந்த இஸ்ராயில் உல்லா, வங்காளத்துச் சில்ஹெட்டின் மண்வாசனையை நெஞ்சில் சுமந்தபடி…"

(வேண்டாம். நெஞ்சில் இருந்தது நிலக்கரித் தூசி.)

இரண்டாவது: "இங்கிலாந்துக்குக் குழம்பு ஊற்றிய மகத்தான சமையல்கார…"

(இதுதான் வம்பு. இஸ்ராயில் கப்பல் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவன். ஒரு கப்பலையே கொதிக்கவைத்தவனுக்கு ஒரு கெட்டில் வெந்நீர் வைக்கத் தெரியாது.)

3

அப்படியானால் சமைத்தது யார்? அவன் மனைவி டோரீன், ஸ்டெப்னிக்காரி. போர் முடிந்ததும், குண்டு விழுந்து பாதி இடிந்த வறுத்தமீன் கடையை இருவரும் எடுத்தார்கள். கடை அவள் பேரில். அவன் நிறத்துக்கு யாரும் சாவி தர மாட்டார்கள்.

"மீன்குழம்புன்னா புளிக்கணும், கொஞ்சம் கசக்கவும் கசக்கணும். எங்கம்மா தோலோட போடுவாங்க" என்றான் இஸ்ராயில்.

"என்ன தோலு?"

"சாத்கரா."

(சாத்கரா நம் நார்த்தங்காய்க்கு அக்காள் முறை.)

"அத எந்தக் கடையில போய்க் கேக்குறது? போப்பா நீ!" என்றவள், ரேஷன் மார்மலேடு ஜாடிக்குள் கரண்டியை விட்டாள்.

இஸ்ராயில் ஒரு வாய் தின்றான். எழுந்து போய்ச் சுவரைப் பார்த்தபடி அழுதான்.

4

கப்பல்காரர்கள் மோப்பம் பிடித்து வரத் தொடங்கினார்கள். ஒரு ஞாயிறு மதியம் கடை நிரம்பி வழிந்தது.

"பாய், அப்படியே நம்மூரு ருசி! யாரு கைப்பக்குவம்?" என்றான் தைமூஸ். இஸ்ராயிலின் ஊர்க்காரன், சீக்கிரமே ஊர் திரும்புகிறவன்.

வெள்ளைக்காரி ஆக்கியது என்றால் தட்டைத் தள்ளிவிடுவார்களோ? ஊரில் சொல்லிச் சிரிப்பார்களோ? இஸ்ராயில் தன் மார்பில் தட்டிக்கொண்டான். "நம்ம கைதான்!"

சமையலறை வாசலில் டோரீன் நின்றிருந்தாள். அவர்கள் பேச்சு அவளுக்குத் தெரியாது. மார்பில் தட்டியது புரிந்தது.

(இங்கே அவளை அழவைத்து ஒரு பக்கம் எழுதினேன். அவள் மசியவில்லை. கிழித்துவிட்டேன்.)

"இன்னும் கேக்குறாங்க, சீக்கிரம்" என்று அவன் உள்ளே வந்தபோது, ஏப்ரனைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.

"சமையல்காரர் நீதானே? ஆக்கு."

"டோரீன், அவங்க முன்னாடி என் மானத்த வாங்காத."

"என் மானத்தத்தான் இவ்வளவு நேரம் பரிமாறிட்டு வந்தியே."

5

முடிவு ஒன்று: அவன் உண்மையைச் சொல்கிறான். தைமூஸ் கையை உதறி எழுகிறான், கடை படுத்துவிடுகிறது. (அப்படியானால் என் தெருமுனை ஹோட்டல் எங்கிருந்து வந்தது?)

முடிவு இரண்டு: அவள் மனமிரங்கி ஏப்ரனைத் திரும்ப வாங்கிக்கொள்கிறாள். கடை பெருகுகிறது. (நடந்தது இதுதானோ என்று பயமாக இருக்கிறது. அந்த ஹோட்டல் சுவரில் தாத்தா படம் மட்டும்தான் மாட்டியிருக்கிறது.)

முடிவு மூன்று: அவன் உண்மையைச் சொல்கிறான், தைமூஸ் தட்டை நீட்டி…

(எழுத ஆசைதான். நிச்சயமில்லாமல் எப்படி எழுதுவது? நாலு தடவை எழுந்து நடந்துவிட்டேன்.)

எண்ணெய் காய்கிறது. ஏப்ரன் இன்னும் அவன் கையில். டோரீன் மார்மலேடு ஜாடியை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். வெளியே தைமூஸ் பசியோடு மேசையைத் தட்டுகிறான். அவனுக்கு எதிர் நாற்காலியில், பாதி தின்ற தட்டோடு, உங்களை உட்காரவைத்திருக்கிறேன். யார் சமைத்தது என்று உங்களுக்குத் தெரியும்.

மீதியைச் சாப்பிடுவீர்களா? அதைச் சொன்னால்தான் இஸ்ராயில் வாயைத் திறப்பான்.