குமிழ் கழன்ற ஞாயிறு

என் கணவர் பகவதிப்பெருமாள் திருவனந்தபுரம் ஆரியசாலையில் பெயிண்ட் கடை வைத்திருந்தவர். விற்காமல் மிஞ்சிய பெயிண்டைத் தூக்கிப்போட அவருக்கு மனசு வராது. வருஷத்துக்கு ஒருமுறை, டப்பாவின் அடியில் எந்த நிறம் கிடக்கிறதோ அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, அசையாமல் நிற்கும் எல்லாவற்றுக்கும் அடித்துவிடுவார். நான் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றிருந்தால் எனக்கும் ஒரு கை அடித்திருப்பார். கீல், தாழ்ப்பாள், குமிழ் என்றெல்லாம் பிரித்துப் பார்க்கிற வழக்கம் கிடையாது. ஒரு வருஷம் எல்லாம் பச்சை, அடுத்த வருஷம் எல்லாம் சாம்பல், அதற்கடுத்த வருஷம் மறுபடியும் பச்சை.

அவர் இறந்து நாலு வருஷம் கழித்து, 2003 ஜூன் மாதம், சமையலறை ஜன்னல் கொக்கியிலிருந்து பெயிண்ட் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. உள்ளே மஞ்சளாக ஏதோ தெரிந்தது. கத்தி முனையால் சுரண்டினேன். பித்தளை. வீடு முழுக்க நடந்து சுரண்டினேன். அத்தனையும் பித்தளை. முப்பத்தெட்டு வருஷமாக அந்தக் கதவுகளைத் திறந்து மூடியிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அந்த மனுஷனும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. கழற்ற முடிந்ததைக் கழற்றி, பழைய அலுமினியச் சட்டியில் சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைப்பேன். பெயிண்ட் தோலாக உரிந்து வரும். அப்புறம் புளியும் கல்லுப்பும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, டூத் பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேய்த்து, கழுவி, பாலிஷ் போட்டு, அவருடைய பழைய பனியனால் துடைப்பேன். ஒரு நாளைக்கு ஒரு சாமான். துடைத்து முடித்ததும் யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருக்கும். காட்ட ஆள் இல்லை. மகன் மஹேஷ் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு போன் செய்வான். மூன்று நிமிஷத்தில் வைத்துவிடுவான். அந்த மூன்று நிமிஷத்தில் மருந்து, மழை, கேஸ் சிலிண்டர் எல்லாம் வந்துவிடும். கீலும் கொக்கியும் வராது.

மஹேஷுக்குக் கழக்கூட்டத்தில் சாப்ட்வேர் வேலை. மனைவி ஷிஜாவோடு அங்கேயே வாடகை ஃப்ளாட். மூன்று அறை. அதில் ஒரு அறையை எனக்கென்று ஒதுக்கி, சாமி படம் வைக்க ஒரு பலகைகூட அடித்து வைத்திருந்தான். சித்திரையில் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

“அம்மா, தனியா இருக்கது சரியில்ல. ஒரு வய்யாய்க வந்தா யாரு பாப்பா?” என்றான். உடம்புக்கு முடியாமல் போவதை அவன் எப்போதும் மலையாளத்தில்தான் சொல்வான்.

“நான் பாத்துக்கிடுவேன். எனக்கு ஏலாம ஆச்சுண்ணா நானே போன் பண்ணிச் சொல்லுவேன். அன்னைக்கு வந்து கூட்டிட்டுப் போ. அதுவரை இந்தப் பேச்சு எடுக்கப்பிடாது, கேட்டியா மக்களே” என்றேன்.

பெரிய வீராப்பு. உண்மையைச் சொன்னால், எனக்குப் போக வேண்டும் என்றுதான் இருந்தது. இன்னும் இரண்டு மூன்று தடவை கெஞ்சட்டும், அப்புறம் போகலாம் என்று இருந்துவிட்டேன். அவன் சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஜூலை இரண்டாவது ஞாயிறு படுக்கையறைக் குமிழின் முறை வந்தது. கதவின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குமிழ், நடுவில் இரண்டையும் சேர்க்கும் ஒரு சதுரக் கம்பி. குமிழைத் திருகினால் கம்பி திரும்பும், பூட்டின் நாக்கு உள்ளே போகும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, படுக்கையறைத் தரையில் பேப்பர் விரித்து, புளித்தண்ணீர் பேசின், உப்புக்கு ஒரு ஸ்பூன், பிரஷ் எல்லாம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தையல் மெஷினின் குட்டி ஸ்க்ரூடிரைவரால் உள்பக்கக் குமிழின் திருகாணியைக் கழற்றினேன். குமிழ் கையோடு வந்தது. அதைப் பேசினில் போட்டுத் திரும்பும்போது காற்று அடித்தது. மழைக்கு முந்தின காற்று. கதவு படாரென்று சாத்திக்கொண்டது. வெளிப்பக்கக் குமிழ், சதுரக் கம்பியோடு, ஹாலில் விழுந்து உருண்டு போகிற சத்தம் கேட்டது.

கதவில் ஒரு சதுர ஓட்டை மட்டும் இருந்தது. அதில் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஹாலில் போன் தெரிந்தது.

முப்பத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள் நான். திருவனந்தபுரத்தில் பாதிப் பேரை மீதிப் பேரோடு பேச வைத்திருக்கிறேன். என் போனுக்கும் எனக்கும் நடுவில் பத்தடி தூரம், ஒரு பலாமரக் கதவு.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சீப்பின் காம்பை ஓட்டையில் விட்டுத் திருகினேன், உடைந்தது. குட்டி ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்ச் சும்மா சுற்றியது. பெரிய ஸ்க்ரூடிரைவர் ஹாலில் ஸ்டூலின் மேல் சுகமாக இருந்தது. ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. ஜன்னலுக்கு வெளியே சந்து. அந்தப் பக்கம் மல்லி, வற்றல் மொத்த வியாபாரக் குடோன்கள். ஞாயிற்றுக்கிழமை அத்தனைக்கும் லீவு.

மூன்றரை மணிக்கு வேல்சாமி வந்தான். குடோன் வாட்ச்மேன், வள்ளியூர்ப் பக்கத்து ஆள். கையில் டீ ஃப்ளாஸ்க்கோடு சந்தில் நடந்து வந்தவன் என்னை ஜன்னலில் பார்த்ததும் நின்றான்.

“என்னம்மா, சன்னல்ல நிக்கிய? ஒறங்கலியா?”

ஒரு வார்த்தை சொன்னால் போதும். பின்பக்கக் கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. இரண்டு நிமிஷத்தில் வந்து திறந்து விட்டிருப்பான். ஆனால் அவன் சட்டைப்பையில் மஹேஷின் மொபைல் நம்பர் எழுதிய காகிதம் இருப்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு ஏதாவது என்றால் கூப்பிடச் சொல்லி மஹேஷ் கொடுத்தது. இவன் ஒன்றைப் பத்தாக்கிச் சொல்வான். வாட்ச்மேன் சொல்லி மகன் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவதா?

“காத்து நல்லா வருதுல்லா, அதான் நிக்கேன்” என்றேன்.

“மழை வரும் போலிருக்கு. நான் ஒரு எட்டு கிழக்கேகோட்டை வரை போயிட்டு வாறேன். எதுவும் வேணுமா?”

“ஒண்ணும் வேண்டாம் வேல்சாமி. போயிட்டு வா.”

அவன் சந்து முனையில் திரும்பினதும் என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது.

நாலு மணிக்கு ஸ்பூன் கண்ணில் பட்டது. மெல்லிசான ஸ்டீல் ஸ்பூன். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில் கொடுத்து இப்படியும் அப்படியும் வளைத்தால் கழுத்தில் ஒடியும். ஒடிந்த காம்பை ஓட்டையில் விட்டு, பக்கத்தில் டூத் பிரஷ் காம்பையும் செருகினால் இறுக்கமாகிவிடும், திருகலாம். இது எனக்கு நாலு மணிக்கே தெரியும். இதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. நாலு மணிக்கு வழி தெரிந்தும் நான் ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து மணிக்கு மஹேஷ் கூப்பிடுவான். நான் எடுக்கமாட்டேன். திரும்பவும் கூப்பிடுவான். அதற்கும் எடுக்காவிட்டால் பதறிப்போய்க் காரை எடுப்பான். ஞாயிற்றுக்கிழமை ரோட்டில் கழக்கூட்டத்திலிருந்து ஆரியசாலைக்கு நாற்பது நிமிஷம், மழைக்கு இன்னும் பத்து நிமிஷம். ஆறு மணிக்குக் கதவைத் திறப்பான். என்னம்மா இது என்று திட்டுவான். நான் தோற்றுப் போனவளாக முகத்தை வைத்துக்கொண்டு, சரி மக்களே, வாறேன் என்பேன். எந்தெந்தப் புடவையை எடுத்துக்கொள்வது என்றுகூட யோசித்துவிட்டேன். அறுபத்திரண்டு வயசில் இந்த நாடகம் தேவையா என்று கேட்டால், தேவையாகத்தான் இருந்தது.

ஐந்து மணி இரண்டு நிமிஷத்துக்கு போன் அடித்தது.

மணியை எண்ணுவது எனக்குப் பழக்கதோஷம். கடமைக்குக் கூப்பிடுகிறவன் ஆறேழு மணியில் வைத்துவிடுவான். பயந்தவன் லைன் தானாகக் கட்டாகும் வரை விடமாட்டான். கட்டானதும் உடனே மறுபடி அடிப்பான். நான் சதுர ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு எண்ணினேன். ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவது மணி பாதியில் நின்றது.

மறுபடி அடிக்கும் என்று ஓட்டையிலேயே நின்றேன். கண்ணில் காற்றுப் பட்டுத் தண்ணீர் வந்தது. அடிக்கவில்லை. சரி, நேராகக் காரை எடுத்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பேசினில் கிடந்த குமிழை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். வருகிறவன் கையில் கொடுக்கலாமே. கொதிக்க வைக்காததால் பெயிண்ட் லேசில் விடவில்லை. நகத்தால் சுரண்டினேன். மேலே பச்சை, அதற்கடியில் சாம்பல், மறுபடி பச்சை, கடைசியில் ஒரு காவி நிறம். அடியில் பித்தளை பளிச்சென்று வந்தது. குமிழின் நடுவில் சின்னதாக ஒரு தாமரை செதுக்கியிருந்தது. நல்ல வேலைப்பாடு.

ஐந்து ஐம்பதுக்கு ஒரு கார் சத்தம் கேட்டது. எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டேன். சந்து முனையில் யாரோ வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

ஆறேகால் ஆனது. தொண்டை வறண்டிருந்தது. அறையில் புளித்தண்ணீர் தவிர வேறு தண்ணீர் இல்லை. இனி யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்ததும் ஒரு அழுகை வந்தது பாருங்கள், அவர் செத்தபோதுகூட அப்படி அழவில்லை. அப்போது சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அழுது முடித்து மூக்கைச் சிந்தி, ஸ்பூனை ஜன்னல் கம்பியில் கொடுத்தேன். பத்து வளைப்பில் ஒடிந்தது. காம்பையும் பிரஷ்ஷையும் சேர்த்துச் செருகித் திருகினேன். ஒரே திருகு. இவ்வளவு சுலபம் என்று நான்கூட நினைக்கவில்லை.

வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு நேராகப் போனிடம் போனேன். வீராப்பெல்லாம் போதும். எனக்கு ஏலவில்லை, வந்து கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிட வேண்டும். அவனுடைய மொபைல் நம்பரைச் சுற்றினேன்.

“அம்மா, எங்க போயிருந்திய? கூப்பிட்டேன், எடுக்கல்லியே” என்றான். பின்னால் டீவி ஓடிக்கொண்டிருந்தது.

“இங்கதான்...” என்று ஆரம்பித்தேன்.

“கோயிலுக்குத்தானே? ஷிஜாகிட்ட அப்பமே சொன்னேன். அவளுக்கு ஒரே பேடி, பயந்துட்டா, அம்மைக்கு என்னமும் ஆயிருக்குமோ, போயிப் பாத்துட்டு வரலாம்ணு நின்னா. நான்தான் வேண்டாம்ணேன். அம்மா கோயிலுக்குப் போயிருப்பாங்க, அவுங்களுக்கு அவுங்க காரியம் பாக்கத் தெரியும்ணேன்.”

ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதாம்மா. எனக்குத்தான் மனசிலாகல்ல. சும்மா உங்களைப் பயமுறுத்தினேன். ஒரு காரியம் கேக்கணும்ணு இருந்தேன். ஷிஜாக்க அனியத்திக்கு இங்க ஜோலி கிடைச்சிருக்கு. ஹாஸ்டல்ல எடமில்ல. அந்த ரூமு சும்மாதானே கிடக்குண்ணு...” என்று நிறுத்தினான். பிறகு மெதுவாகக் கேட்டான். “நீங்க வாறதா இருந்தா இப்பமே வேண்டாம்ணு சொல்லிருகேன். வாறியளா?”

அவன் நிஜமாகத்தான் கேட்டான். அது குரலில் தெரிந்தது. முப்பத்தாறு வருஷம் குரலை மட்டுமே கேட்டவளுக்கு அதுகூடவா தெரியாது. நான் வருகிறேன் என்றால் ஷிஜாவின் தங்கையை வேண்டாம் என்று சொல்லியிருப்பான். எனக்கு அந்த அறை வேண்டும். அந்தப் பலகை வேண்டும். டீவி சத்தம் வேண்டும். சொல்ல வாய் வரை வந்தது.

“நான் எங்க வரப் போறேன்? பாவம், அந்தப் பிள்ளைக்குக் குடு” என்றேன்.

“அம்மைக்கு வெசமம், வருத்தம் ஒண்ணுமில்லியே?”

“எனக்கு என்ன வெசமம்.”

“பின்னே? ஏதோ சொல்ல வந்திய. எதுக்குக் கூப்பிட்டிய?”

கையில் குமிழ் இருந்தது. எப்போது எடுத்துக்கொண்டு வந்தேன் என்று தெரியவில்லை.

“நம்ம வீட்டுக் கதவுல உள்ளதெல்லாம் பித்தளையாக்கும், மக்களே. உங்கப்பா பெயிண்ட அடிச்சு மூடி வச்சிருக்காரு. குமிழ்ல ஒரு தாமரைப்பூவு இருக்கு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

“ஆ, கொள்ளாமே, நல்லாருக்கே” என்றான். “சரிம்மா, அடுத்த ஞாயிறு கூப்பிடுகேன்.”

ஆபரேட்டர் முதலில் லைனை விடக்கூடாது என்பது எங்கள் வேலையில் பழைய விதி. அவன் வைக்கும் வரை ரிசீவரைக் காதில் வைத்திருந்தேன். பிறகு ஸ்டூலுக்கு அடியில் குனிந்து வெளிப்பக்கக் குமிழைத் தேடி எடுத்தேன். அதில் பச்சை அப்படியே இருந்தது. சட்டியில் சோடா உப்போடு அதையும் போட்டு, அடுப்பில் ஏற்றினேன்.